குளிர் அறையில் மேம்பட்ட ஆனர்ஸ் வகுப்பு

கெல்லர் ஃபோர்க், நெப்ராஸ்கா
ஏப்ரல், காற்று சற்று ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து என் அக்கா மார்வாவுக்குத் தம்பி லோரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாயும் கூரையின் பெரும்பகுதியும் நலம். அங்கே அரிசோனா வெயிலில் உன் இடுப்பு மூட்டும் வெர்லின் அத்தானும் அவர் பெயர் வைத்து வளர்க்கும் கள்ளிச்செடிகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி வந்து சேர்ந்தது. வழியில் உறைந்து, உருகி, மறுபடி உறைந்திருந்தாலும் உன் அன்பு அதில் தெரிந்தது.

போன கடிதத்தில், "உன் ஆனர்ஸ் திட்டத்தை மூடிவிட்டார்களா இல்லையா, சுற்றி வளைக்காமல் ஒரே வார்த்தையில் எழுது" என்று கேட்டிருந்தாய். ஒரே வார்த்தையில் எழுதத்தான் உட்கார்ந்தேன் அக்கா. மூடிவிட்டார்கள் என்று எழுதினால் பொய். மூடவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். அத்தானுக்கு வாசித்துக் காட்டுவதாக இருந்தால் அவர் சாப்பிட்டு முடித்த பிறகு வாசி. இதில் இறைச்சி நிறைய வருகிறது.

மண்ணைப் பற்றிப் பாடம் நடத்துகிற நான் ஆனர்ஸ் திட்டத்துக்கு இயக்குநர் ஆனது எப்படி என்று நீ கேட்டதே இல்லை. ஆசிரியர் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது பனி அள்ளும் வண்டி வருகிறது, யாருடைய பிக்கப் வண்டியோ குறுக்கே நிற்கிறது என்றார்கள். என்னுடையதுதான். போய் நகர்த்திவிட்டுத் திரும்பி வந்தால் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். அந்தப் பனியில் வண்டி எடுத்ததற்குத்தான் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, "இதெல்லாம் ஒன்றுமில்லை, எப்போது வேண்டுமானாலும் செய்வேன்" என்று அடக்கமாகச் சொன்னேன். அது என் ஏற்புரையாகக் கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டது. மறுநாள் ஒரு சாவி கொடுத்தார்கள். கால்நடை அறிவியல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறை. இறந்துபோன ஒரு பேராசிரியரின் வீட்டிலிருந்து வந்த சோபாக்கள், எரியும்போது முனகுகிற ஒரு விளக்கு. அதுதான் ஆனர்ஸ் திட்டம். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, சின்ன வகுப்பாக உட்கார வைத்து, பெரிய கேள்விகளைப் பற்றிப் பேசவிட்டு, கடைசி வருடம் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வைப்பது. பாதிப் பேர் சேர்வது மற்றவர்களுக்கு முன்னால் பாடங்களைப் பதிவு செய்துகொள்ளும் சலுகைக்காக என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சேர்ந்த பிறகு அந்தச் சோபாக்களில் ஏதோ நடக்கும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் "நல்லது என்றால் என்ன" என்று ஆரம்பித்தால் இருட்டிய பிறகும் வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அக்கா, மண் வகுப்பில் எனக்கு அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. அந்த வகுப்பு இல்லாமல் போனால் என் வாரத்தில் செவ்வாய்க்கிழமையே இல்லாமல் போய்விடும்.

அதில் வெண்டல் க்ரோக்கர் என்று ஒரு பையன். பன்றி வளர்ப்பவரின் மகன். ஆள் கதவு உயரம், சத்தம் மட்டும் கிடையாது. ஒன்றரை வருடமாக வகுப்பில் வாயே திறந்ததில்லை. ஆனால் ஒரு வகுப்பையும் விட்டதில்லை. பனிப்புயல் என்று பல்கலைக்கழகத்தையே மூடிய நாளில் நான் எதையோ எடுக்கப் போனால், இருட்டில் சோபாவில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். வகுப்பு இல்லையே என்றேன். தெரியும் என்று தலையாட்டினான். நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

இப்படி இருக்கும்போது படிப்புகளையெல்லாம் கவனிக்க ஒரு புதிய துணைத்தலைவர் வந்தார். டாக்டர் ஆஷ்பி. கடற்கரை ஊர்க்காரர். நம் காற்றில் தலைமுடி கலையாத ஒரே மனிதர். பல்கலைக்கழகத்தில் உள்ள எல்லாத் திட்டங்களையும் வெளியிலிருந்து நிபுணர் வந்து மதிப்பிட வேண்டும், தனித்தன்மை இருப்பதை மேம்படுத்த வேண்டும், இல்லாததை மூட வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"உங்க பசங்க அந்த ரூம்ல என்னதான் செய்யறாங்க?"

"பேசறாங்க."

"பேசி?"

"இன்னும் ஒரு முடிவுக்கு வரலைங்க."

"எப்பலேர்ந்து?"

"நான் வர்றதுக்கு முன்னாடியிருந்தே."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். மாணவர்களுக்கு இதனால் என்ன பயன் என்று ஓர் அறிக்கை எழுதித் தரச் சொன்னார். நான் யோசித்து யோசித்து, வெண்டல் இருட்டில் உட்கார்ந்திருந்த கதையை எழுதிக் கொடுத்தேன். "உருக்கமாக உள்ளது, சதவீதத்தில் தரவும்" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

வெளி மதிப்பீட்டாளராக ஏற்பாடானவர் டாக்டர் அகஸ்டா பெல்லமி. கிழக்குப் பக்கத்துப் பெரிய கல்லூரி ஒன்றிலிருந்து வருகிற அம்மாள். அவர் நல்லவிதமாக எழுதினால் திட்டம் பிழைக்கும், உதட்டைப் பிதுக்கினால் போயிற்று என்று ஊரெல்லாம் பேச்சு. அவர் வருகிற நாளில் எங்கள் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிற பெர்னடீன் விடியற்காலையிலேயே பெரிய பானையில் இறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பும், கூடவே இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருள்களும் செய்து கொண்டுவந்துவிட்டாள். பிள்ளைகள் தலை வாரியிருந்தார்கள். நான் தாடியை ஒழுங்குபடுத்திக்கொண்டு, அட்டையில் "டாக்டர் ஏ. பெல்லமி" என்று எழுதி எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனேன்.

ஒருவர் நேராக என்னிடம் வந்து, பெல்லமிதான் என்று கைகொடுத்தார். ஆண். அகஸ்டா என்பது அவர்கள் பக்கத்தில் ஆண் பெயராகவும் இருக்கும் போலிருக்கிறது, அதைக் கேட்டு அவர் மனதைப் புண்படுத்தக் கூடாது என்று நான் எதுவும் கேட்கவில்லை. வண்டியில் ஏற்றி அழைத்துவந்து சோபாவில் உட்கார வைத்தேன். அன்றைக்குப் பார்த்து என் பிள்ளைகள் பேசினார்கள் பார், அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. கடமை பெரிதா கருணை பெரிதா என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அவர் சில்லியை இரண்டு கிண்ணம் சாப்பிட்டார், சுருள்களை எண்ணாமல் சாப்பிட்டார், கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் என் கையைப் பிடித்து, "மனசு நெறஞ்சுபோச்சு. இப்ப யாராவது என்னை என் மச்சினி கல்யாணத்துக்குக் கொண்டுபோய் விடறீங்களா?" என்றார். அவர் பெயர் டாக்டர் ஆர்லோ பெல்லமி. மாட்டு வைத்தியர். நம் ஊரில் வருகிறவர்களையெல்லாம் இப்படித்தான் உபசரிப்பார்கள் என்று நினைத்துவிட்டாராம்.

நிஜ பெல்லமி அம்மாள் விமானத்தில் வரவேயில்லை. ஒமாஹாவிலிருந்து வாடகைக் காரில், சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். கீழ்த்தளத்தில் இறங்கி, எங்கள் கதவை விட்டுவிட்டு அடுத்த கதவைத் திறந்திருக்கிறார். அது குளிர் அறை. அங்கேதான் எங்கள் பல்கலைக்கழகத்தின் இறைச்சி மதிப்பிடும் குழு பயிற்சி செய்யும். தோலுரித்த பாதி மாடுகள் நான்கு கொக்கியில் தொங்கும். வெள்ளைக் கோட்டும் தலைக்கவசமும் போட்ட பிள்ளைகள் அவற்றைப் பேசாமல் சுற்றிவந்து, எது முதல், எது கடைசி என்று வரிசைப்படுத்தி, ஏன் என்று காரணம் எழுத வேண்டும். வருடாவருடம் போட்டிக்குப் போய்க் கோப்பை வாங்கி வருகிறவர்கள். அவர்களுடைய பயிற்சியாளர் கஸ் கோவாரிக். ரொம்பப் பேசமாட்டார். அன்றைக்கு என்ன நடந்தது என்பதை அந்தக் குழுவில் இருக்கிற ஜோலின் என்ற பெண் பிற்பாடு எனக்குச் சொன்னாள். அம்மாள் கதவைத் திறந்தவர் அப்படியே வாசலில் நின்றுவிட்டாராம். பிள்ளைகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. போன் இல்லை, கணினி இல்லை, பேச்சு இல்லை. வாய்களிலிருந்து ஆவி மட்டும் வந்துகொண்டிருக்கிறது. மெதுவாக ஜோலினிடம் இந்த வாரம் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். "போன வாரம் பாத்ததேதான்மா. இந்த வாரம் மறுபக்கம்" என்றிருக்கிறாள் அவள். அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாராம். அதற்குள் குளிரெல்லாம் வெளியே போகிறதே என்று கஸ்ஸுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, உள்ளன்னா உள்ள வாங்க, வெளியன்னா வெளிய போங்க. நடுவுல நின்னா எல்லாம் கெட்டுப்போயிடும்."

அம்மாள் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் துணைத்தலைவர் அறையில் கூட்டம். நான் மாட்டு வைத்தியரைக் கல்யாணத்தில் இறக்கிவிட்டு, அங்கே வற்புறுத்தி ஒரு துண்டு கேக் கொடுத்ததால் தாமதமாக ஓடிவந்தேன். பெல்லமி அம்மாள் எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நாடு முழுவதும் ஆனர்ஸ் வகுப்புகளைப் பார்த்திருக்கிறாராம், எங்கேயும் பிள்ளைகள் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்களாம், இங்கேதான் முதன்முதலாக அவர்கள் பார்ப்பதைப் பார்த்தாராம். சதை, எலும்பு, மரணம், மௌனம் என்று சொல்லிக்கொண்டே போனார். மௌனம் என்றதுமே எனக்கு இது நம் வகுப்பில்லை என்று உறைத்துவிட்டது.

அக்கா, நான் மறைக்க நினைக்கவில்லை. அங்கேயே சொன்னேன். "அம்மா, அது எங்க வகுப்பு இல்லைங்க. அது மாட்டிறைச்சி" என்று தெளிவாகத்தான் சொன்னேன். அம்மாள் துணைத்தலைவர் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, இவர் அதை வகுப்புன்னு சொல்லவே மாட்டேங்கறார்" என்றார். துணைத்தலைவர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். பக்கத்துக் கதவு என்றேன். "எல்லா நல்ல கல்வியும் பக்கத்துக் கதவுதான்" என்றார் அம்மாள். கஸ் கோவாரிக்கைக் கேளுங்கள் என்றேன். தன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் பெருமையைப் பங்கு போட்டுக்கொடுக்கிற தலைமைப் பண்பு என்று அதுவும் அறிக்கையில் ஏறியது. அதற்குமேல் நான் பேசவில்லை. பேசினால் மேலும் பாராட்டு வாங்குவேன் என்று பயமாக இருந்தது.

அறிக்கை வந்தது. ஆட்சிக்குழு அதை ஏற்றுக்கொண்டது. துணைத்தலைவர் ஆஷ்பி மேம்படுத்தத் தொடங்கினார். எல்லா ஆனர்ஸ் வகுப்புகளும் இனிமேல் குளிர் அறையில்தான். வெள்ளைக் கோட்டு கட்டாயம். உட்காரக் கூடாது. "உள்ளே என்றால் உள்ளே, வெளியே என்றால் வெளியே" என்பது திட்டத்தின் கொள்கை வாசகம், அதைக் கதவுக்கு மேலே பித்தளையில் அடித்துவிட்டார்கள். கஸ்ஸின் குழுவைச் சோபா அறைக்குத் துரத்தினார்கள். பாதி மாட்டைச் சோபாவில் சாய்த்து வைத்துப் பயிற்சி செய்ய முடியாது என்று கஸ் போய்ச் சொன்னதற்கு, படங்களை வைத்துப் பழகச் சொன்னார்களாம்.

முதல் செவ்வாய்க்கிழமை என் பிள்ளைகள் அந்த மாடுகளுக்கு நடுவில் கோட்டும் தலைக்கவசமுமாக நின்றதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. கண்ணீர் வெளியே வந்ததும் குளிர்ந்துவிட்டதால் துடைத்துக்கொண்டேன். நீதி என்றால் என்ன என்று தொடங்கினோம். வழக்கமாக அரைமணி நேரம் பேசுகிற பிள்ளைகள் பல் கிட்டிக்கொண்டதால் ஒரு வாக்கியத்தோடு நிறுத்தினார்கள். தேவையில்லாததெல்லாம் தானாகவே உதிர்ந்தது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் முழுசாகக் கேட்டார், ஏனென்றால் தானும் பேசுவதற்கு வாயைத் திறக்க மனம் வரவில்லை. அப்படி ஓர் இடைவெளி விழுந்தபோது, ஒரு பாதி மாட்டுக்குப் பின்னாலிருந்து, எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு குரல் வந்தது.

"சார், ஒரு விஷயம் நல்லதுன்னு வெளியிலேர்ந்து யாராவது வந்து சொன்னாத்தான் நமக்குத் தெரியுமா?"

வெண்டல். எனக்குப் பதில் தெரியவில்லை என்று சொன்னேன். தனக்கும் தெரியவில்லை, அதனால்தான் இத்தனை நாள் கேட்கவில்லை என்றான். அவன் கோட்டின் முதுகுப் பக்கம் ஒரு கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தது. விடுவித்தோம். அன்று முழுக்க அவன் பேசினான்.

எங்களுக்கு இப்படி நல்லது நடந்துகொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப்பக்கம் வேறு நடந்தது. வெதுவெதுப்பான அறை, ஆளை உள்ளே இழுக்கிற சோபாக்கள், முனகுகிற விளக்கு. எருமை மாதிரி உறுதியாக இருந்த அந்த இறைச்சிக் குழு ஒரே மாதத்தில் கெட்டுப்போய்விட்டது. சாய்ந்து உட்கார்ந்தார்கள். யோசித்தார்கள். ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்டார்கள். போட்டிக்குப் போன இடத்தில் ஜோலின், மூன்றாம் எண் மாட்டைக் கடைசியில் வைத்துவிட்டு, காரணம் எழுத வேண்டிய இடத்தில், "இதைக் கடைசி என்று சொல்ல நான் யார்" என்று எழுதி வைத்திருக்கிறாள். கோப்பை போயிற்று. கஸ் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"லோரன், உங்க வியாதி என் பசங்களுக்கு ஒட்டிக்கிச்சு."

நான் உள்ளே வாருங்கள் என்றேன். வரமாட்டேன் என்றார். என் வீட்டுச் சோபாவைப் பார்த்துவிட்டார்.

"கொழுப்பு எவ்வளவுன்னு கேட்டா, எதை வச்சுக் கேக்கறீங்கன்னு திருப்பிக் கேக்குதுங்க. அந்த ஜோலின் பொண்ணு நேத்து என்கிட்ட, கோச், நீங்க சந்தோஷமா இருக்கீங்களான்னு கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது. நைட்டு பூரா தூங்கல."

இந்த நிலையில்தான் ஆட்சிக்குழுத் தலைவர் ஹாஸ்காம்ப், நாடே பேசுகிற இந்த ஆனர்ஸ் திட்டத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று வந்தார். அவர் மேற்கே பெரிய மாட்டுப் பண்ணைக்காரர். துணைத்தலைவர் ஆஷ்பி முன்னால் நடந்து கதவைத் திறந்துவிட்டார். ஹாஸ்காம்ப் உள்ளே வந்தார், மாடுகளைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. நேராக என் பிள்ளைகளிடம் போய், "சரி, இந்த நாலுல எது மொதல்ல வரும், சொல்லுங்க பாப்போம்" என்றார். எல்லோரும் வெண்டலைப் பார்த்தார்கள்.

"நாங்க அதைப் பாக்கலைங்க. இதுங்களுக்கு நடுவுல நின்னு வேற பேசிக்கிட்டிருக்கோம்."

ஹாஸ்காம்ப் மெதுவாகத் துணைத்தலைவரைத் திரும்பிப் பார்த்தார். துணைத்தலைவர் என்னைப் பார்த்தார். நான் கொக்கியைப் பார்த்தேன். அக்கா, அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது இதுதான். பொய்யாக வந்த நல்ல பெயரில் இந்த வகுப்பு பிழைத்திருந்தால், வெண்டல் கேட்ட கேள்விக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது? ஆகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாட்டு வைத்தியர், கல்யாணம், பக்கத்துக் கதவு, எதையும் விடவில்லை. அந்த அம்மாள் புகழ்ந்தது கஸ்ஸின் குழுவை. இவர்கள் இறைச்சியைப் பற்றி ஒன்றும் அறியாத, சோபாவில் உட்கார்ந்து பேசுகிற என் பிள்ளைகள். மூடுவதென்றால் இவர்களைப் பார்த்துவிட்டு மூடுங்கள் என்றேன். பக்கத்து அறையிலிருந்து வந்து வாசலில் நின்றிருந்த கஸ்ஸிடம் ஹாஸ்காம்ப், இவர் சொல்வது நிஜமா என்று கேட்டார். "நிஜம்தான். எங்க ரூமைத் திருப்பிக் குடுங்க" என்றார் கஸ்.

ஆட்சிக்குழு கூடியது. கூடி, பெரிய சிக்கல் ஒன்றைக் கண்டுபிடித்தது. மதிப்பீட்டு அறிக்கையை ஏற்றுத் தீர்மானம் போட்டாகிவிட்டது. திட்டத்தைத் திருத்தலாம், ஆளைத் திருத்தலாம், ஏற்றுக்கொண்ட அறிக்கையைத் திருத்த எங்கள் விதிகளில் இடமில்லை. ஒரு வழக்கறிஞரும் வந்து இல்லை என்று சொல்லிவிட்டார். அறிக்கையை மாற்ற முடியாதென்றால் அதற்குப் பொருந்தும்படி மற்றதை மாற்றுவதுதான் முறை. ஆகவே அன்றைய தேதியிலிருந்து கஸ்ஸின் இறைச்சி மதிப்பிடும் குழுதான் சட்டப்படி ஆனர்ஸ் திட்டம். கஸ் அதற்கு இயக்குநர். என் பிள்ளைகளை என்ன செய்வது என்று யோசித்து, காலியாகிவிட்ட இடத்தில் வைத்தார்கள். நாங்கள் இப்போது பல்கலைக்கழகத்தின் இறைச்சி மதிப்பிடும் குழு. நான் பயிற்சியாளர். தொப்பி கொடுத்திருக்கிறார்கள்.

ரூமைத் திருப்பிக் கேட்ட கஸ்ஸுக்கு ரூம் கிடைத்தது, கூடவே ஆனர்ஸும் கிடைத்தது. எங்களுக்கு எங்கள் சோபா திரும்பி வந்தது. கஸ் கையெழுத்துப் போடும்போது, இதற்காகத் தான் புத்தகம் எதுவும் படிக்க வேண்டியதில்லையே என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அவருடைய பிள்ளைகள் இனி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். ஜோலின் எழுத ஆரம்பித்துவிட்டாள். கடைசியாக வருவதைப் பற்றியது என்று கேள்வி. கஸ் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, எடை போதும் என்று சொல்லியிருக்கிறார்.

நாங்களோ இறைச்சிக் குழு என்ற முறையில் போட்டிக்குப் போயே ஆக வேண்டும். டெக்ஸாஸில் நடந்தது. வேன் நிறையப் பிள்ளைகளும் பெர்னடீன் கட்டிக்கொடுத்த சுருள்களுமாகப் புறப்பட்டோம். அங்கே மற்றப் பல்கலைக்கழகத்துக் குழுக்களெல்லாம் கத்தி மாதிரி நிற்கின்றன. என் பிள்ளைகள் வரிசைப்படுத்துவது சரியா தவறா என்பதிலேயே முக்கால்வாசி நேரத்தைக் கழித்துவிட்டார்கள். மணி அடிக்கப் போகிறது என்றதும் வெண்டல் எழுதினான்: "இரண்டாம் எண் மாட்டை முதலில் வைக்கிறேன். அது சிறந்தது என்று எனக்குத் தெரிந்ததால் அல்ல. ஏதாவது ஒன்று முதலில் இருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதால், முதலில் நிற்கிற வருத்தம் அது ஒன்றுக்கு மட்டும் போய்ச் சேரட்டும் என்று."

நடுவர் அதைப் படித்தார். தொப்பியைக் கழற்றினார். இன்னொரு தடவை படித்தார். பூஜ்யம் போட்டார். பிறகு எங்களிடம் வந்து, இந்தத் தாளை நான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கடைசியாகத்தான் வந்தோம். எங்களுக்கு முந்தின குழுவுக்கும் எங்களுக்கும் நடுவில் இன்னும் சில குழுக்கள் தாராளமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கலாம். திரும்பி வருகிற வழியில் பெட்ரோல் போடுகிற இடத்தில் எல்லோருக்கும் பழம் வைத்துப் பொரித்த பை பலகாரம் வாங்கிக் கொடுத்தேன். ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. வெண்டல் எனக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தோற்பதில் சந்தோஷம் உண்டா, அப்படி இருந்தால் அது தோல்விதானா என்று ஆரம்பித்தவன் நிறுத்தவேயில்லை. ஒரு கட்டத்தில் நான் அவனிடம், "டேய், கொஞ்ச நேரம் சும்மா இருடா, ரோடு தெரியல" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, சரி, சொல்லு என்றேன்.

ஆகவே அக்கா, உன் கேள்விக்குப் பதில்: திட்டத்தை மூடவில்லை, அது கஸ்ஸிடம் இருக்கிறது. வகுப்பையும் மூடவில்லை, அது என்னிடம் வேறு பெயரில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமையும் இருக்கிறது. எல்லாவற்றையும் விடப் பெரிய நிம்மதி, கடைசியாக வருகிற இறைச்சிக் குழுவை மேம்படுத்த யாரும் வரப்போவதில்லை. மனிதர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து நிம்மதியாகப் பேசுவதை வெளியிலிருந்து ஓர் ஆள் அரைநாள் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவதைப் போன்ற அநியாயம் உலகத்தில் வேறில்லை. மதிப்பீடு, மேம்பாடு என்ற இரண்டு சொற்களையும் இனி என் வாயால் சொல்லமாட்டேன், என் வீட்டுக்குள் விடமாட்டேன்.

அத்தானுக்கு என் மரியாதையைச் சொல். கள்ளிச்செடிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விசாரித்ததாகவும் சொல். உன் இடுப்பு உன்னைவிட இளமையாக இருக்கட்டும். உங்கள் கூரையில் வெயிலும் எங்கள் வயலில் மழையும் வேண்டிய அளவு விழட்டும்.

என்றும் உன் பேச்சைக் கேட்காமல் பின்னால் வருத்தப்படும்,
தம்பி லோரன்
(பயிற்சியாளர், இறைச்சி மதிப்பிடும் குழு)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் தொலைபேசி வந்தது. உன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய பல்கலைக்கழகத்தில் ஆனர்ஸ் திட்டம் ஒன்று இருக்கிறதாம். அதை வெளியிலிருந்து வந்து மதிப்பிட ஒரு நிபுணர் வேண்டும் என்று தேடியபோது பெல்லமி அம்மாள் என் பெயரைச் சொன்னாராம். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர்கள் "நிபுணர்" என்ற சொல்லை இரண்டாவது முறை சொன்னபோது ஒப்புக்கொண்டுவிட்டேன். அடுத்த மாதம் வருகிறேன், உன் வீட்டில்தான் தங்குவேன். அங்கே அரைநாள்தான் வேலை. அதுவே அதிகம், ஏனென்றால் அவர்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தே அறிக்கையில் முக்கால்வாசியை எழுதிவிட்டேன். அறை நல்ல வெளிச்சமாக இருக்கிறது. பிள்ளைகள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதை இப்படியே விட முடியாது. உங்கள் பக்கத்தில் யாரிடமாவது பெரிய குளிர் அறை இருக்கிறதா என்று அத்தானை விசாரித்து வைக்கச் சொல்.